வாங்கினதைத் திருப்பிக் கொடுங்க பாஸ்!

ஃபைனல் இயர் புராஜெக்ட் ரிவ்யூ. கறுப்புத் திரையில் கட்டம் கட்டமாக மாணவர் பட்டியல். என்கர்சஸ் லைப்ரரியை வைத்து சி++ல் எழுதியது. டேட்டா ஃபைலை எடுத்து வர மறந்துட்டேன். புரோகிராம் நடுவிலேயே படுத்துவிட்டது. அதையாவது சமாளிக்கலாம். அதற்கப்புறம் என்ன டைப் அடித்தாலும் திரையில் ஓர் எழுத்துகூடத் தெரியலை!

"கீபோர்டையே கொன்னுட்டியாப்பா?" என்றார் எக்ஸ்டர்னல். லேப் முழுக்கச் சிரிப்பு.

நடந்தது இதுதான். என்கர்சஸ், சி மொழி லைப்ரரி. 'இனிட்ஸ்கர்' என்று அழைத்தால் டெர்மினல் நம்ம கைக்கு வரும். 'நோஎக்கோ' என்றால் தட்டுகிற எழுத்து தெரியாது. கடைசியில் 'எண்ட்வின்' சொல்லித் திருப்பித் தரணும். என் புரோகிராம் அதைச் சொல்லாமலே போய்விட்டது. (உங்களுக்கும் இப்படி ஆனால், கன்ட்ரோல்-ஜே, 'ரீசெட்', மறுபடி கன்ட்ரோல்-ஜே. எழுத்து தெரியாது, தைரியமா அடிங்க!)

இத்தனைக்கும் நான் கிளாஸ் எழுதித்தான் வைத்திருந்தேன். ஆனால் அது சி ஃபங்ஷன்களுக்குப் புதுப் பெயர் சூட்டியதோடு சரி. நல்ல உறை என்பது பொறுப்பை ஏற்றுக்கொள்வது. கன்ஸ்ட்ரக்டரில் இனிட்ஸ்கர், டிஸ்ட்ரக்டரில் எண்ட்வின். நடுவில் எக்ஸெப்ஷன் வந்தாலும் டிஸ்ட்ரக்டர் தன் வேலையைச் செய்துவிடும். ஒரே கண்டிஷன்: மெயினில் அதைப் பிடிக்க ஒரு 'கேட்ச்' வேண்டும். யாருமே பிடிக்காவிட்டால் டிஸ்ட்ரக்டர் ஓடும் என்பதற்கு கேரண்டி இல்லை.

விண்டோ கிளாஸுக்கும் இதே கதைதான். 'நியூவின்' பிறப்பு, 'டெல்வின்' இறப்பு. அந்த ஆப்ஜெக்டை காப்பி அடிக்க விட்டால் ஒரே விண்டோவுக்கு இரண்டு முறை டெல்வின் நடக்கும். அதனால் காப்பிக்குத் தடை போடுங்க. சி++11 முதல் 'டெலீட்' என்று ஒரே வார்த்தையில் போடலாம். குட்டி விண்டோ இருந்தால் அது முதலில் போகணும், தாய் விண்டோ அப்புறம்தான்.

இன்னொரு கண்ணி: 'கெட்ச்' ஒரு மேக்ரோ. அதே பெயரில் மெத்தட் வைத்தால் கம்பைலர் கத்தும். ஹெடருக்கு முன்னால் 'என்கர்சஸ்_நோமேக்ரோஸ்' என்று டிஃபைன் செய்தால் தீர்ந்தது.

ரீ-ரிவ்யூ வந்தது. எக்ஸ்டர்னல் கண்ணெதிரே நானே டேட்டா ஃபைலை அழித்துவிட்டு ஓட்டினேன். புரோகிராம் படுத்தது. டெர்மினல் பிழைத்தது!

சிரித்தபடியே மார்க் போட்டார்.