பூவுக்கு விலை உண்டு, கைக்கு?

மலைநாட்டைப் பாடவந்த கபிலர், குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களின் பெயர்களை மூச்சுவிடாமல் அடுக்கிவிட்டார். ஆனால் அவற்றின் விலையைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் அவருக்கு இருக்கவில்லை. அவருடைய தலைவியும் தோழியும் அருவியில் ஆடிவிட்டுத் தாமே பறித்து, தாமே தொடுத்து, தாமே சூடிக்கொண்டார்கள். நம் காலத்துக் கல்யாணங்களிலோ, பூவானது ஒருவர் தோட்டத்தில் பூத்து, மற்றொருவர் கையால் தொடுக்கப்பட்டு, மூன்றாமவர் பணத்தில் மணமேடைக்கு வந்து சேருகிறது. ஆகையால் கபிலர் விட்டுவைத்த விஷயத்தை நாம் பேசவேண்டியதாகிறது.

சில மாதங்களுக்கு முன் நாம் கொடைக்கானலுக்குப் போயிருந்தோம். 1863-ஆம் ஆண்டில் மதுரைக் கலெக்டர் லெவின்ஜ் துரை அமைத்த ஏரியை ஒருமுறை சுற்றிவந்த பிறகு, நமக்குப் பழக்கமான ஒரு குடும்பத்தின் வீட்டில் காப்பி சாப்பிடச் சென்றோம். அந்த வீட்டு அம்மாளின் கைவேலையை நாம் முன்பே அறிவோம். வெள்ளிக்கிழமைதோறும் சுவாமி படத்துக்கு அவர் கட்டும் சரத்தைப் பார்த்தால், பூக்கள் தாமாகவே அணிவகுத்து நின்றுவிட்டனவோ என்று தோன்றும். ஆனால் அன்று அவர் முகம் வாடியிருந்தது.

"இனிமேல் யார் கேட்டாலும் கல்யாணப் பூவேலை ஒப்புக்கொள்ளமாட்டேன், ஐயா!" என்றார்.

"ஏன் அம்மா, வேலை சரியாக அமையவில்லையா?"

"வேலையைப் பார்த்தவர்கள் எல்லோரும் மெச்சினார்கள். கையில்தான் ஒன்றும் மிஞ்சவில்லை. பூவுக்கு 12,000 ரூபாய் ஆகும் என்று கணக்குப் போட்டு, 20,000 கேட்டேன். 8,000 நிற்கும் என்று நினைத்தேன். 200 ரூபாய்தான் நின்றது. எங்கே போயிற்று என்றே தெரியவில்லை."

அவருடைய கணவர் பத்திரிகையிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "பொழுதுபோக்குக்குச் செய்கிற வேலைதானே? நஷ்டம் வராமல் போயிற்றே, அதுவே லாபம்!" என்றார்.

நாம் ஒரு காகிதமும் பேனாவும் கேட்டு வாங்கினோம். அம்மாளும் நாமும் உட்கார்ந்து, மணமேடை அலங்காரம், வாசல் தோரணம், இரண்டு மாலைகள் ஆகிய அந்த வேலைக்கு என்னென்ன செலவாயிற்று என்று ஒவ்வொன்றாக எழுதினோம். மேடையில் ஏறிய பூவும் இலையும் 12,000 ரூபாய். வழியில் நசுங்கியும் வாடியும் போவதற்கு ஈடாக அதிகப்படியாக வாங்கிய பூ 1,800. நூல், நார், கம்பி, சட்டங்களின் வாடகை 1,500. மலையடிவாரத்திலிருந்து பூவை ஏற்றிவந்த வண்டிக்கு 2,500. இரவெல்லாம் உடனிருந்து கட்டிய இரண்டு பெண்களுக்குக் கூலி 2,000. ஆகக் கூடி 19,800 ரூபாய். 20,000 ரூபாயில் மீதி 200 என்பது மிகவும் சரியான கணக்கு! யாரும் திருடவில்லை.

"இந்த வேலைக்கு நீங்கள் எத்தனை மணி நேரம் உழைத்தீர்கள்?" என்று கேட்டோம். அந்தக் கேள்வி அவருக்கு ஆச்சரியமாயிருந்தது. கல்யாண வீட்டாருடன் பேசியது 2 மணி, பூவுக்குச் சொல்லி வரவழைத்தது 4 மணி, தண்ணீரில் நிறுத்தித் தேற்றித் தொடுத்தது 10 மணி, மண்டபத்தில் அமைத்தது 6 மணி, மறுநாள் பிரித்துச் சுத்தம் செய்தது 4 மணி. மொத்தம் 26 மணி நேரம். 200 ரூபாயை 26-ஆல் வகுத்தால் மணிக்கு எட்டு ரூபாய்கூடத் தேறவில்லை. உதவிக்கு வந்த பெண்கள் இருவரும் தலைக்கு ஆயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு போயிருக்க, வேலையை ஏற்றுப் பொறுப்பைச் சுமந்த அம்மாள் மட்டும் கூலியில்லாமல் உழைத்திருக்கிறார்.

இதுதான் நாம் இந்த வாரம் சொல்லவந்த விஷயம். நம் வீடுகளில் ஸ்திரீகள் சமைப்பதற்கும், தைப்பதற்கும், கோலம் போடுவதற்கும், பூத்தொடுப்பதற்கும் எவரும் கூலி கொடுத்ததில்லை. அந்தப் பழக்கம், அதே கை வெளியாருக்கு வேலை செய்யும்போதும் கூடவே வந்துவிடுகிறது. பூவுக்கு விலை உண்டு. வண்டிக்கு வாடகை உண்டு. கைக்கு மட்டும் ஒன்றுமில்லை! 2023-இல் மத்திய சர்க்கார் ஆரம்பித்த விசுவகர்மா திட்டத்தில் தச்சர், கொல்லர், குயவர் முதலிய 18 கைத்தொழில்களின் வரிசையில் மாலை கட்டுவோரும் இடம்பெற்றிருக்கிறார்கள். சர்க்காரே கைத்தொழில் என்று ஒப்புக்கொண்ட ஒன்றை வீட்டிலுள்ளவர்கள் பொழுதுபோக்கு என்று சொல்லலாமா?

சரி, அந்த வேலைக்கு என்ன விலை சொல்லியிருக்க வேண்டும்? 26 மணி நேரத்துக்கு மணிக்கு 150 ரூபாய் வைத்துக்கொண்டால் 3,900 ரூபாய். இதை 19,800-உடன் கூட்டினால் 23,700. இத்துடன் கணக்கு முடியவில்லை. தேய்ந்துபோகும் கத்தரி, உடைந்துபோகும் வாளி, தண்ணீர், மின்சாரம், தொலைபேசி, பேசிப் பார்த்துவிட்டு வராமல் போகிறவர்களுக்காகச் செலவிட்ட நேரம், என்றோ ஒருநாள் வரக்கூடிய நஷ்டம், இவற்றுக்கெல்லாம் ஐந்தில் ஒரு பங்கு சேர்க்கவேண்டும். அது 4,740. ஆக 28,440; முழுத்தொகையாக 28,500 ரூபாய். எண்கள் ஊருக்கு ஊர் மாறும். வரிசை மாறாது: பூ, சேதம், சாமான், வண்டி, ஆள் கூலி, தன் கூலி, பொதுச் செலவு. இந்த ஏழையும் எழுதிப் பார்க்காமல் எந்தச் சகோதரியும் விலை சொல்லக்கூடாது.

இனி, மலைமேல் இருப்பவர்களுக்கு உள்ள பிரத்தியேகமான சங்கடத்தைக் கவனிப்போம். கல்யாணத்துக்கு முதன்மையான பூ மல்லிகை. அது கொடைக்கானல் குளிரில் விளைவதில்லை; நிலக்கோட்டை, திண்டுக்கல், மதுரைச் சந்தைகளிலிருந்துதான் மேலே ஏறிவர வேண்டும். மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கூடவே கௌரவமும் கூடியது. அதன் விலையோ ஒருநாள் இருந்தபடி மறுநாள் இருப்பதில்லை. கோடையில் மூட்டை மூட்டையாய் வந்து குவிகிறபோது கிலோ சில நூறு ரூபாய்க்கு இறங்கும். மார்கழி, தை மாதங்களில் பனியினால் விளைச்சல் குறைந்திருக்கும்போது ஒரு பெரிய முகூர்த்தமும் வந்துவிட்டால், கிலோ 2,000 ரூபாயையும் தாண்டி ஏறிவிடும். வைகாசியில் விலை சொல்லிவிட்டுத் தையில் பூ வாங்குகிறவர் கதி என்ன ஆகும்? ஆகையால் மல்லிகையை மட்டும் தனியாக எழுதி, "அன்றைய சந்தை விலைப்படி" என்றோ, "கிலோ இத்தனை ரூபாய்க்கு மேற்பட்டால் வித்தியாசம் உங்களைச் சேர்ந்தது" என்றோ முன்கூட்டியே ஒப்புக்கொள்ளச் செய்வது நல்லது. கல்யாண வீட்டார் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். தங்கம் வாங்குகிறபோது அவர்களே அன்றைய விலையைத்தானே கேட்கிறார்கள்?

மல்லிகையை மொட்டாக இருக்கும்போதே தொடுத்துவிட வேண்டும் என்பதையும் அது மாலையில் மலரும் என்பதையும் நம் பாட்டிமார் அறிவார்கள். ஈரத்துணியிலும் வாழையிலையிலும் சுற்றிவைக்க வேண்டுமே தவிர, தண்ணீரில் போடக்கூடாது. காம்புள்ள பூக்களின் விஷயம் வேறு. கார்னேஷன், ரோஜா முதலியவற்றின் காம்பைச் சாய்வாக வெட்டி, கீழ் இலைகளை உருவிவிட்டு, ஓர் இரவு முழுவதும் ஆழமான தண்ணீரில் நிறுத்தினால் மறுநாள் கம்பீரமாக நிற்கும். இதற்குச் சமவெளியில் இருப்பவர்கள் குளிர் அறை தேடவேண்டும். கொடைக்கானலிலோ இரவுக் குளிரே அந்தக் காரியத்தைச் செய்துவிடுகிறது! மலைவாசிகளின் மூலதனத்தில் இதையும் ஒன்றாக எண்ணவேண்டும்.

ஆனால் குளிரில் தேறிய பூ வெயிலுக்கு இறங்கும்போது கவனம் தேவை. பழனி அடிவாரத்தில் கல்யாணம் என்று சித்திரை வெயிலில் ஹைட்ரேஞ்சியாக் கொத்துக்களைக் கொண்டுபோனால், தாலி கட்டுவதற்குள் அவை தலை சாய்ந்துவிடும். கீழே போகிற வேலைக்குச் சம்பங்கி, செவ்வந்தி, மரிக்கொழுந்து ஆகியவற்றை நம்புவதே விவேகம். ஓடையோரங்களில் வெள்ளைக் கிண்ணம் போல் நிற்கும் கால்லா லில்லியும் மேல்மலைக் கல்யாணத்துக்குத்தான் பொருந்தும். அதன் சாறு பட்டால் சிலருக்குத் தோல் அரிக்கும் என்பதையும் மறக்கக்கூடாது.

"காடு நிறையப் பூவிருக்கும்போது விலைக்கு ஏன் வாங்கவேண்டும்?" என்று சிலருக்குத் தோன்றலாம். தோன்றக்கூடாது. பழனி மலையின் காடுகளில் பெரும்பகுதி 2013 முதல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயமாக இருக்கிறது. அங்கே கிள்ளுகிற ஒரு கொத்தும் குற்றமே. பன்னிரண்டு வருஷங்களுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி 2006-இலும் 2018-இலும் பூத்தது. 2030-இல் மறுபடியும் பூக்கவேண்டும். பூத்து, விதையுதிர்த்து, மடிகிற செடி அது. அதை ஒருநாள் மேடைக்காகப் பறிப்பது, பன்னிரண்டு வருஷச் சேமிப்பை ஒரு வேளை விருந்தில் கரைப்பதற்குச் சமானம். குறிஞ்சி ஆண்டவர் கோயிலிலிருந்து கண்ணால் கண்டு கும்பிட்டுவிட்டு வருவோம், அது போதும்.

தோட்டத்துக்குள் இருப்பதைக்கொண்டே எவ்வளவோ செய்யலாம். லண்டனில் கான்ஸ்டன்ஸ் ஸ்பிரை என்னும் பெண்மணி 1929-இல் பூக்கடை வைத்தார். விலையுயர்ந்த பூக்களுடன், காய்கறித் தோட்டத்துக் கீரை இலைகளையும் வேலியோரத்துக் கொடிகளையும் சேர்த்து அவர் அலங்காரம் செய்தபோது ஊரே வியந்தது. 1953-இல் இங்கிலாந்து ராணியின் முடிசூட்டு விழாவுக்குப் பூவலங்காரம் செய்யும் பொறுப்பு அவரிடம் வந்தது. நம் மாவிலைத் தோரணமும் தென்னங்குருத்தும் கமுகம் பாளையும் கீரையிலைக்குத் தாழ்ந்தவையா என்ன?

பூவைக் குத்தி நிறுத்துவதற்கு இப்போது எங்கும் பச்சை நிறத்தில் ஒரு செயற்கைப் பஞ்சுக்கட்டி புழங்குகிறது. 1954-இல் அமெரிக்காவில் தோன்றிய சரக்கு அது. மக்கிப்போவதில்லை, உதிர்ந்தால் நுண்ணிய பிளாஸ்டிக் தூளாக மண்ணிலும் நீரிலும் கலக்கிறது. இங்கிலாந்தின் ராயல் தோட்டக்கலைச் சங்கம் 2021 முதல் தன் கண்காட்சிகளில் அதற்கு இடமில்லை என்று சொல்லிவிட்டது. நமக்கோ வாழைத்தண்டு இருக்கிறது! பூவைக் குத்தினால் ஈரம் காத்து நிற்கும். வேலை முடிந்ததும் மாட்டுக்கு ஆகும். கட்டுவதற்கு வாழைநார் இருக்கிறது. கீழ்ப் பழனி மலையில் மலைவாழை விளைகிற வரையில் நாருக்கு நாம் கடல் கடந்து போகவேண்டியதில்லை. சுதேசியம் என்பது கதரோடு முடிந்துவிடுகிற காரியமல்லவே!

தொழிலை ஆரம்பிக்கிறவர்கள் முதலிலேயே பெரிய முகூர்த்தத்தில் கைவைக்க வேண்டாம். நிச்சயதார்த்தம், வளைகாப்பு, கிருகப்பிரவேசம் என்று நாலைந்து சிறு வேலைகள் செய்து, ஒவ்வொன்றுக்கும் ஆன மணி நேரத்தை நோட்டில் குறித்துவைத்தால், பிறகு விலை சொல்லும்போது தடுமாற்றமிராது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. அம்மாதங்களுக்கும் சேர்த்துத்தான் மற்ற மாதங்களில் சம்பாதிக்க வேண்டும். பேசிய வேலையை எழுத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்: எந்த இடத்தில், என்ன அலங்காரம், எத்தனை மாலை, குறித்த பூ கிடைக்காவிட்டால் பதிலுக்கு எது. பாதித் தொகை முன்பணம். மீதி முகூர்த்தத்துக்கு ஒரு வாரம் முன்பாக. கல்யாணம் முடிந்த பிறகு கேட்கப்போனால், பூ வாடியது போலவே நன்றியும் வாடியிருக்கும். உறவினர் வீட்டு வேலைக்கும் இதே விதிதான். அன்பளிப்பாகச் செய்வதானால் முழுவதும் அன்பளிப்பாகச் செய்துவிடலாம். பாதி அன்பும் பாதிக் கூலியுமாகச் செய்வதில்தான் மனஸ்தாபம் விளைகிறது.

நாம் ஊர் திரும்பிச் சில வாரங்களுக்குப் பிறகு அந்த அம்மாளிடமிருந்து கடிதம் வந்தது. மறுபடி ஒரு கல்யாணத்துக்கு அழைத்திருந்தார்களாம். ஏழு இனங்களையும் எழுதி, கூட்டி, தொகையைச் சொன்னாராம். பெண்ணின் மாமா, "என்ன அம்மா இது, பூதானே? கொஞ்சம் குறைத்துக்கொள்ளக் கூடாதா?" என்று கேட்டிருக்கிறார்.

"தாராளமாய்க் குறைக்கலாம், அண்ணா. வாசல் வளைவை விட்டுவிட்டு, மாவிலைத் தோரணம் மட்டும் கட்டிவிடுகிறேன். அதற்குரிய பூவும் நேரமும் குறையும். அந்தத் தொகையும் குறையும். என் கூலியில் மட்டும் கை வைக்காதீர்கள்" என்றாராம் அம்மாள்.

மாமா சிறிது யோசித்துவிட்டு, வளைவும் இருக்கட்டும் என்று சொல்லி, முன்பணத்தை எண்ணி வைத்தாராம். கடிதத்தின் அடியில் வேறு கையெழுத்தில் ஒரு வரி இருந்தது. கணவர் எழுதியது: "அன்று இரவு நானும் உட்கார்ந்து நார் கிழித்தேன். எனக்கும் மணிக்கணக்கில் கூலி உண்டா என்று கேட்டுச் சொல்லவும்."

உண்டு, ஐயா, ஆனால் நோட்டில் எழுதிவைத்தால்தான்.