நூற்றுக்கு ஐந்து வீதம்

ஜெர்மனியின் வடகோடியிலுள்ள ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் ராஜ்யத்தில் 1992-ம் வருஷம் ஏப்ரல் 5-ந் தேதி சட்டசபைத் தேர்தல் நடந்தது. நூற்றுக்கு ஐந்து வீதமாவது ஓட்டுப் பெறாத கட்சிக்குச் சபையில் ஸ்தானமில்லை யென்பது அங்கே பொது விதி. பசுமைக் கட்சியார் 5.0 வீதம் பெற்றதாக அன்றிரவு கணக்கு வெளியாயிற்று. ஆளுங் கட்சியாகிய சமூக ஜனநாயகக் கட்சியாருக்குப் பெரும்பான்மை கிட்டவில்லை யென்றும் எல்லோரும் எண்ணினர். நள்ளிரவுக்குப் பின்னரே உண்மை புலப்பட்டது. பசுமைக் கட்சியார் பெற்றது 4.97 வீதந்தான். வீதாசாரத்தை அச்சிட்ட கம்ப்யூட்டர் புள்ளிக்குப் பின் ஒரே இலக்கத்தை வைத்து மிச்சத்தைக் கிட்டிய எண்ணுக்குத் திருப்பிவிட்டது. கணக்குத் திருத்தப்பட்டபோது, 89 ஸ்தானங்களில் 45 பெற்று, சமூக ஜனநாயகக் கட்சியார் ஒரே ஒரு ஸ்தானத்தால் பெரும்பான்மை யடைந்தனர்.

இதில் எவருடைய வஞ்சனையும் இல்லை. வஞ்சனையாயிருந்தால் பிடித்துத் தண்டிக்கலாம். யாரோ ஒரு குமாஸ்தா பார்வைக்கு அழகாயிருக்கட்டு மென்று அமைத்த ஒரு கட்டம், ஒரு ராஜ்யத்தின் ஆட்சி யாருடையதென்பதைச் சில மணி நேரம் மாற்றிக் காட்டியதே, அதைப் பற்றித்தான் நாம் கவலையுறுகிறோம்.

இன்று கட்சிக் காரியாலயங்களிலும் சங்கங்களிலும் கம்ப்யூட்டர் படிவங்கள் பெருகிவிட்டன. மைக்ரோசாப்ட் ஆக்ஸெஸ் என்னும் சாதனத்தில் ஓர் எண் கட்டத்தை அமைத்தால், வேறு விதமாகச் சொல்லாத வரையில், அது முழு எண்ணையே ஏற்கும். அதற்கு வீதாசார வேஷம் மட்டும் போட்டுவிட்டு 5 வீதமென்று பதிந்தால், 0.05 என்பது முழு எண்ணாகத் திரிந்து பூஜ்யமாய் நிற்கும். 75 வீதமென்று பதிந்தால் 100 ஆகிவிடும். பின்ன எண்ணை ஏற்கும் கட்டத்திலும் தொல்லை தீர்ந்தபாடில்லை. கம்ப்யூட்டர் இரண்டின் அடுக்குகளால் கணக்கிடுவதால், பத்தில் ஒன்று என்னும் சாதாரணப் பின்னத்தைக்கூட அது துல்லியமாக வைத்துக்கொள்ள முடியாது. தசம எண்ணுக்கென்றே ஏற்பட்ட வகையைத் தேர்ந்தால் இக்குறை நீங்கும். ஆனால் ஆறில் ஒன்று, மூன்றில் ஒன்று போன்ற பின்னங்கள் அதிலும் அடங்கா.

நமது நாட்டுச் சட்டத்தையே பார்ப்போம். 1951-ம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, செல்லுபடியான ஓட்டுக்களில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் பெறாமல் தோற்ற அபேக்ஷகர் டிபாஸிட்டை இழப்பார். ஒரு தொகுதியில் 1,80,000 ஓட்டுக்கள் பதிவாயின வென்று வைத்துக்கொள்வோம். தோற்றவர்களில் ஒருவர் பெற்றது 30,000. மற்றொருவர் பெற்றது 30,001. முன்னவருக்கு டிபாஸிட் இல்லை, பின்னவருக்கு உண்டு. இரண்டு இலக்கம் காட்டும் வீதாசாரக் கட்டத்திலோ இருவருக்கும் 16.67 என்றே விழும். வீதாசாரத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்பவர் இருவரில் ஒருவருக்கு அநீதி இழைத்தே தீரவேண்டும்.

நமது முன்னோர் நெற்கணக்கிலும் நிலக்கணக்கிலும் கால், மாகாணி, முந்திரி என்று பின்னத்தைப் பின்னமாகவே எழுதினர். முந்திரி என்பது 320-ல் ஒரு பங்கு. அதையும் விடாமல் எழுதிய கணக்கப்பிள்ளையை நாம் கர்நாடகமென்று பரிகசிப்பதுண்டு!

மூன்று பேர் சரிசமமாக ஓட்டுப் பெற்றால் ஆளுக்கு 33.3 வீதம், கூட்டினால் 99.9. நூறு வரவில்லையே யென்று ஒருவருடைய கணக்கில் 0.1 ஐச் சேர்க்கும் வழக்கத்தை நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம். அந்தப் பத்தில் ஒரு பங்கு எந்த வாக்காளருடையது? கூட்டுத்தொகை 99.9 என்றே நிற்கட்டும். காரணத்தை அடியில் ஒரு வரியில் எழுதினால் போதும்.

ஓட்டு எண்ணும் ஸ்தலங்களில் அமரும் நம் ஊழியர்களுக்கு ஒரு வார்த்தை. வீதாசாரத்தை ஏற்காதீர்கள், ஓட்டுக்களின் எண்ணிக்கையைக் கேட்டு வாங்குங்கள். படிவத்தில் பதிய வேண்டியது எண்ணிக்கை மட்டுமே. வீதம் அதிலிருந்து தானே கணக்காகித் திரையில் தோன்றட்டும். எவரும் அதைக் கையால் எழுத இடமிருக்கலாகாது. டிபாஸிட் விஷயத்தில் வகுத்தலே வேண்டாம். அபேக்ஷகரின் ஓட்டை ஆறால் பெருக்கி மொத்தத்தோடு ஒப்பிடுங்கள். 30,001 ஐ ஆறால் பெருக்கினால் 1,80,006.