மார்கழிக் கணப்புக்குத் தை மாத விறகு

நீலகிரி ஜில்லாவில் குளிர்காலம் பயிருக்கு எவ்வளவு சோதனையோ, பயிரிடுகிறவனுக்கும் அவ்வளவு சோதனையேயாம். ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்திலும், அதனைச் சூழ்ந்த பள்ளத்தாக்குகளிலும், கார்த்திகை முதல் மாசி வரையில் இரவில் உறைபனி விழுவதுண்டு. உருளைக்கிழங்குப் பாத்தியை உறைபனியினின்று காப்பதைப் பற்றி நாம் ஓயாது பேசுகிறோம். அப்பாத்தியின் சொந்தக்காரன் தன் வீட்டிற்குள் குளிரை எவ்விதம் தணித்துக்கொள்ளுகிறான் என்று கேட்பவர் அரியர். இவ்விஷயம் விவசாய இலாகாவைச் சேர்ந்ததன்று என்று சிலர் கருதலாம். அவ்வாறு நானும் ஒருகாலத்தில் கருதியிருந்தேன். அக்கருத்தை மாற்றிக்கொள்ளும்படி செய்த ஒரு சம்பவத்தை முதலில் கூறுகிறேன்.

2019-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், கிழங்குப் பயிரைப் பார்வையிடும்பொருட்டுக் கோத்தகிரிப் பக்கத்திலுள்ள ஒரு கிராமத்திற்குச் சென்றிருந்தேன். எனக்கு நெடுநாள் பழக்கமான ஒரு குடியானவர் வயலுக்கு வரவில்லை. விசாரித்ததில், முதல்நாள் இரவு அவருடைய தாயாரும் பேரப்பிள்ளையும் படுத்திருந்த அறையில் கணப்புச் சட்டி வைத்துக் கதவைச் சாத்தியிருந்தார்கள் என்றும், நள்ளிரவில் பிள்ளை வாந்தியெடுத்த சத்தத்தினால் வீட்டார் விழித்துக் கதவைத் திறந்தார்கள் என்றும், அம்மூதாட்டிக்கு நினைவு தப்பியிருந்தது என்றும் தெரிந்தது. இருவரும் பிழைத்தார்கள். ஆஸ்பத்திரியில் அக்குடியானவரைக் கண்டபோது அவர் கூறியது என் நெஞ்சில் தைத்தது: "ஐயா, புகைதான் கெடுதல் என்று தாங்கள் கூட்டத்தில் சொன்னீர்களே! அதனால்தான் புகையே இல்லாத கரியாகப் பார்த்து வைத்தோம்."

அவர் கூறியது உண்மை. அடுப்புப் புகையின் தீமையைப் பற்றி நான் பல கிராமங்களில் பேசியிருக்கிறேன். புகையில்லாத நெருப்பிலும் நஞ்சுண்டு என்பதை ஒரு கூட்டத்திலேனும் எடுத்துச் சொன்னதில்லை. அக்குறையை நிவர்த்திப்பதற்காகவே இதனை எழுதலானேன்.

கரியோ விறகோ போதிய காற்றின்றி எரியும்போது கார்பன் மோனாக்ஸைடு என்னும் வாயு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. கண்ணையோ தொண்டையையோ உறுத்துவதுமில்லை. நாம் சுவாசிக்கும் பிராணவாயுவை உடலெங்கும் சுமந்து செல்வது இரத்தத்திலுள்ள செம்பொருள். அச்செம்பொருளானது பிராணவாயுவைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேற்பட்ட வலிமையுடன் இந்த நச்சு வாயுவைப் பற்றிக்கொள்ளுகிறது. முதலில் தலைவலியும், பின்னர் மயக்கமும் குமட்டலும், அதன்பின் உறக்கமும் வருகின்றன. உறங்குகிறவன் உறக்கத்திலேயே இறந்துபோகிறான். செக்கச் செவேலென்று புகையின்றிக் கனலும் கரித்தணலே இவ்வாயுவை மிகுதியாக வெளிவிடுவதாகும். விறகுப் புகையாவது இருமலை உண்டாக்கி மனிதனை எழுப்பிவிடும். தணலோ தாலாட்டிக் கொல்லும். மலைப்பிரதேச விடுதிகளில் தங்கியோர் கரிச்சட்டியை அறைக்குள் வைத்துறங்கி மாண்ட செய்திகளைப் பத்திரிகைகளில் நாம் வாசித்திருக்கிறோம். வெளியூரார் அறியாமையினால் செய்தது என்று அவற்றை ஒதுக்கிவிடுகிறோம். அது சரியன்று.

இவ்வழக்கம் நம் வீடுகளில் இக்காலத்தில் இடம் பெற்றதற்கு ஒரு காரணமும் உண்டு. முற்காலத்தில் சமையலடுப்பே வீட்டின் கணப்பாகவும் இருந்தது. அந்தி முதல் அது எரியும். யாவரும் அதனைச் சுற்றி அமர்ந்து உண்டு, அந்த வெப்பத்திலேயே உறங்கினார்கள். 2016-ஆம் ஆண்டில் ஏற்பட்ட உஜ்வலா திட்டத்தினாலும், அதற்கு முன்பிருந்தே பரவிவந்த எரிவாயு அடுப்புகளினாலும், நம் பெண்மக்கள் புகையினின்று விடுதலை பெற்றார்கள். இது பெரும் நன்மை. வீட்டுப் புகையினால் உலகில் 2020-ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 32 லட்சம் பேர் மாண்டதாக உலகச் சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டிருக்கிறது. ஆனால் புகையோடுகூட வெப்பமும் வீட்டைவிட்டு நீங்கிற்று. நீங்கிய வெப்பத்தின் இடத்திற்குக் கணப்புச் சட்டி வந்து சேர்ந்தது. ஆகவே சட்டியை வைக்காதே என்று மாத்திரம் சொல்லுவது போதாது. அதற்கு மாற்று யாது என்றும் சொல்லவேண்டும்.

மாற்று மூன்று வகை. முதலாவது, பழைய பங்களாக்களில் சுவரோடு அமைந்த திறந்த கணப்பு. அது கண்ணுக்கினியது, ஆயினும் அதிலிடும் விறகின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கே அறைக்குள் தங்குகிறது, எஞ்சியது அறையிலுள்ள வெதுவெதுப்பான காற்றையும் இழுத்துக்கொண்டு புகைபோக்கி வழியே மேலேறிவிடுகிறது. இரண்டாவது, மின்சாரக் கணப்பு. மின்சாரம் தடையின்றி வரும் வீடுகளுக்கு இது சுத்தமானதே. இரண்டு கிலோவாட் கருவி நான்கு மணி நேரம் எரிந்தால் எட்டு யூனிட் செலவாகும். மூன்றாவது, கதவு பொருந்திய இரும்புக் கணப்படுப்பு. காற்று புகும் திறப்பை இதில் கூட்டவும் குறைக்கவும் இயலும். புகை முழுவதும் இரும்புக் குழாய் வழியே கூரைக்கு மேல் போய்விடும். நன்கு செய்யப்பட்ட அடுப்பு விறகின் வெப்பத்தில் நூற்றுக்கு அறுபது பங்குக்குக் குறையாமல் அறைக்குத் தரும்.

இவற்றை ஒரே அளவுகோலால் அளந்து பார்ப்போம். உலர்ந்த விறகு ஒரு கிலோவில் ஏறக்குறைய நான்கு யூனிட் மின்சாரத்திற்கு ஈடான வெப்பம் அடங்கியிருக்கிறது. ஆகவே மேற்கூறிய எட்டு யூனிட் வெப்பத்தைப் பெறுவதற்கு இரும்பு அடுப்பில் மூன்றரைக் கிலோ விறகு போதும். திறந்த கணப்பிலோ இருபது கிலோ வேண்டியதாகும். இரும்பு அடுப்பை வாங்கப் பணமேது என்று கேட்கிறவர்கள், ஒரு குளிர்காலம் முழுமைக்கும் இவ்வித்தியாசத்தைப் பெருக்கிப் பார்ப்பார்களாக.

ஆனால் இக்கணக்கு முழுவதும் "உலர்ந்த விறகு" என்னும் ஒரு சொல்லின்மேல் நிற்கிறது. இங்கேதான் நம்மவர்கள் பெரும்பாலும் தவறுகிறார்கள். புதிதாக வெட்டிய கட்டையின் எடையில் ஏறக்குறையப் பாதி தண்ணீர். நூறு கிலோ பச்சை விறகு வாங்குகிறவன் ஐம்பது கிலோ தண்ணீரையும் விறகு விலைக்கே வாங்குகிறான். எடையில் ஐந்தில் ஒரு பங்கு ஈரமே தங்கும்படி அது காய்ந்தால் அறுபத்திரண்டரைக் கிலோவாகும். ஈரக் கட்டையை எரிக்கும்போது, அத்தண்ணீரை ஆவியாக்குவதிலேயே நெருப்பின் சூடு ஒரு பங்கு செலவாவதுமன்றி, நெருப்பும் தணிந்து, கட்டையினின்று எழும் எரியக்கூடிய ஆவிகள் எரியாமலே புகையாய் வெளியேறுகின்றன. அப்புகை குழாயின் உட்புறத்தில் தார்போல் படிந்து, பிறிதொரு நாள் தீப்பற்றும். அடுப்பு எவ்வளவு உயர்ந்ததாயினும் ஈர விறகுக்கு முன் அது பயனற்றதே.

நீலகிரியில் இத்தவறு நேர்வதற்கு மழைக்காலமும் ஒரு காரணமாகும். மேற்குப் பகுதியில் ஆடியை ஒட்டியும், குன்னூர் கோத்தகிரிப் பக்கங்களில் ஐப்பசியை ஒட்டியும் மழை மிகுதி. மழை ஓய்ந்ததும் குளிர் வருகிறது. குளிர் வந்தபின் விறகு தேடுகிறவனுக்கு நனைந்த விறகே கிடைக்கும். ஆகையால் மார்கழிக் கணப்புக்குரிய விறகைச் சென்ற தை மாதத்திலேயே பிளந்து அடுக்கியிருத்தல் வேண்டும். தை முதல் சித்திரை வரையிலுள்ள உலர்ந்த காற்றும் வெயிலும் கூலி கேளாத வேலைக்காரர்கள். கற்பூரத் தைல மரத்தைக் காய்ந்தபின் பிளப்பது கடினம். பச்சையாக இருக்கும்போதே மணிக்கட்டுப் பருமனுக்கு மேற்படாமல் பிளந்து, இரு கழிகளின்மேல் தரையில் படாதவாறு காற்றோட்டமுள்ள இடத்தில் அடுக்க வேண்டும். மேற்புறத்தைத் தகரத்தால் மூடி, பக்கங்களைத் திறந்துவிட வேண்டும். நான்கு புறமும் தார்ப்பாயைச் சுற்றிக் கட்டினால் விறகு காய்வதற்குப் பதிலாகப் பூஞ்சணம் பூக்கும்.

விறகு காய்ந்ததா என்று அறியக் கருவி எதுவும் வேண்டுவதில்லை. அடுக்கிலிருந்து இரண்டு கட்டைகளுக்கு அடையாளமிட்டு மாதமொருமுறை நிறுத்து எழுதி வாருங்கள். எடை குறைவது நின்றுவிட்டால் விறகு காய்ந்துவிட்டது. விதைக்கும் உரத்திற்கும் கணக்கு வைக்கிறவர்களுக்கு இது ஒரு பாரமன்று.

எந்த மரத்தை எரிப்பது என்பதும் ஆலோசிக்கத்தக்கது. கற்பூரத் தைல மரம் 1843-ஆம் ஆண்டளவில் இம்மலைக்கு வந்தது. பின்னர் அதனைத் தோப்புத் தோப்பாக வளர்த்ததற்கு விறகுப் பஞ்சமே முக்கிய காரணம். அதனுடன் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சீகை மரமும் புல்வெளிகளில் பரவிச் சோலைக்காடுகளை நெருக்கிவிட்டது. அயல் தாவரங்களை அகற்றி இயற்கைக் காடுகளை மீட்பதற்கென்று தமிழ்நாட்டுச் சர்க்கார் 2022-ஆம் ஆண்டில் ஒரு கொள்கையும் வகுத்திருக்கிறது. ஆகவே நாம் எரிக்கவேண்டியவை இவ்விரு மரங்களும், தேயிலைத் தோட்டத்து நிழல் மரங்களின் கழிகளுமே. சோலை மரத்தில் ஒரு கிளையையும் தொடலாகாது. அது நம் ஊற்றுகளின் தாய். சொந்தப் பட்டா நிலத்து மரமாயினும், மலைப்பகுதி மரங்களைப் பாதுகாக்கும் 1955-ஆம் ஆண்டுச் சட்டத்தை மனத்திற்கொண்டு, உரிய அனுமதி பெற்றே வெட்டவேண்டும். தேயிலைக் கவாத்துக் கழிவுகளை விறகென்று வாரிச் செல்வதும் தவறு. அவை செடியின் அடியிலேயே கிடந்து மக்கவேண்டியவை.

அடுப்பைப் பாதுகாக்கும் முறைகளைச் சுருக்கமாகக் கூறுகிறேன். புகைக்குழாய் கூரையைவிட்டு மூன்றடியேனும் உயர்ந்திருக்கவேண்டும். மரச்சட்டத்தை அது தொடலாகாது. ஆண்டுக்கு ஒருமுறையேனும், குளிர்காலம் தொடங்குமுன், குழாயைத் துடைக்கவேண்டும். இரவு முழுவதும் கனலட்டும் என்று காற்றுத் திறப்பை அடைத்துவிடுவது கூடாது. மாலையில் சிறு நெருப்பைச் சுடர்விட்டு எரியச்செய்து அறையைச் சூடேற்றிக்கொள்வதே முறை. தணல் உள்ளவரையில் புகைக்குழாயின் அடைப்பை மூடலாகாது. தணலை அள்ளிப் படுக்கையறைக்குக் கொண்டுபோகவே கூடாது. சன்னலில் ஒரு சிறு திறப்பு எப்போதும் இருக்கவேண்டும். கணப்புள்ள அறையில் ஒருவருக்குத் தலை வலித்தாலும் குமட்டினாலும், குளிரென்று பாராமல் அவரைத் திறந்த வெளிக்குக் கொண்டுவந்து 108-க்குத் தெரிவிக்கவேண்டும்.

சாம்பலையும் வீணாக்குதல் கூடாது. அதில் சுண்ணாம்புச் சத்தும் பொட்டாஷும் உண்டு. நீலகிரி மண் புளிப்பு மிகுந்ததாகையால் முட்டைக்கோஸ் பாத்திக்குச் சிறிதளவு சாம்பல் நன்மை செய்யும். வேர் பருத்து வீங்கும் நோயையும் ஓரளவு தணிக்கும். உருளைக்கிழங்குப் பாத்திக்கு இடலாகாது. கிழங்கில் சொறி மிகும். தேயிலைக்கும் அது ஆகாது. யூரியாவோடு கலந்தால் தழைச்சத்து காற்றிற் போய்விடும். முற்றும் ஆறும்வரை மூடியுள்ள தகரப் பாத்திரத்தில் வைத்திருந்து பின்னரே வயலுக்குக் கொண்டுபோகவேண்டும்.

இனி, எனது யோசனைக்குச் சொல்லப்படும் ஆட்சேபங்கள் இரண்டு. நெருக்கமான நகரத் தெருக்களில் என் வீட்டுப் புகை அடுத்த வீட்டுக்குள் புகாதா என்பது ஒன்று. அது நியாயமே. அத்தகைய இடங்களில் மின்சாரமே தகுதி. முதலில் கதவிடுக்குகளைச் சீர்செய்து, கூரைக்கடியில் தட்டியிட்டால் அச்செலவும் குறையும். விலை மற்றொன்று. தோட்டத் தொழிலாளரும் சிறு நிலக்காரரும் இரும்பு அடுப்பைத் தனியே வாங்க இயலாதென்பது மெய். இங்கே இலாகாவுக்குக் கடமை உண்டென்பது என் அபிப்பிராயம். புது விதைக்கு வயலில் மாதிரிப் பாத்தி போடுகிறோம். அதுபோலக் கிராமத்துக்கு ஒரு மாதிரி அடுப்பும் ஒரு மாதிரி விறகுக் கொட்டகையும் வைத்துக் காட்டினால், பேச்சினால் ஆகாதது பார்வையினால் ஆகும். உள்ளூர்க் கொல்லரும் கண்டு கற்பார். கூட்டுறவுச் சங்கங்கள் தை மாதத்தில் சீகை விறகை மொத்தமாய் வாங்கிக் காயவைத்து மார்கழியில் அங்கத்தினருக்கு விற்கலாம். இதற்குப் பெரும் முதல் வேண்டுவதில்லை. ஓராண்டுப் பொறுமையே வேண்டும்.

நான் குறிப்பிட்ட குடியானவர் வீட்டில் இப்பொழுது கொல்லர் செய்த அடுப்பொன்று இருக்கிறது. வீட்டின் பின்புறத்தில் இரண்டு விறகு அடுக்குகள்: ஒன்று இவ்வாண்டுக்கு, மற்றொன்று அடுத்த ஆண்டுக்கு. அவருடைய பேரன் கட்டையை நிறுத்துச் சுவரில் எழுதிவைக்கிறான். பழைய கணப்புச் சட்டியில் அம்மூதாட்டி கொத்தமல்லி விதைத்திருக்கிறார். ஏனைய வீட்டுச் சட்டிகளும் அவ்வாறு மண் நிறைந்து பயிர் தாங்குமாயின், கூட்டத்தில் நான் சொல்லாமல் விட்டதற்கு ஒருவாறு ஈடு செய்தவனாவேன்.