சட்டக் கல்லூரிக்கு முன் எந்தப் பட்டம்?

பிளஸ் டூ முடிவுகள் வந்ததும் நம் தெருக்களிலிருந்து எங்களுக்கு வரும் கேள்விகளில் ஒன்று இது: "வக்கீலுக்குப் படிக்கணும் தோழர். அதுக்கு முன்னாடி எந்த டிகிரி எடுக்கட்டும்?" கேட்பவர்களில் பலர் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகிறவர்கள். வெளியே அவர்களுக்குக் கிடைக்கும் பதில்கள் இரண்டு. "ஏதாவது ஒரு டிகிரியை முடி, அப்புறம் பார்க்கலாம்" என்பது ஒன்று. "உங்களுக்கு எது கிடைக்குதோ அதுல சேரு" என்பது இன்னொன்று. முதலாவது அக்கறையின்மை. இரண்டாவது சாதி. இரண்டையும் நாம் ஏற்க வேண்டியதில்லை.

முதலில் விதிகளைத் தெரிந்துகொள்வோம். இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு சட்டக்கல்வி விதிகள், மூன்றாண்டு எல்.எல்.பி.யில் சேர இந்தப் பாடத்தில்தான் பட்டம் வேண்டும் என்று சொல்லவில்லை. பட்டத்தில் பொதுப் பிரிவினர் 45 விழுக்காடும், பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் 40 விழுக்காடும் எடுத்திருக்க வேண்டும். ஆனால் 40 என்பது விண்ணப்பிக்கும் உரிமை மட்டுமே. தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரிகளில் மூன்றாண்டுப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு இல்லை. பட்டப் படிப்பு மதிப்பெண்ணை வைத்தே இடம். ஆகவே இளங்கலையின் ஒவ்வொரு செமஸ்டரும் நமக்கு நுழைவுத் தேர்வுதான். பிளஸ் டூ முடித்துவிட்டுத் தொலைநிலைக் கல்வியில் வாங்கிய பட்டம் செல்லும். பள்ளிப் படிப்பை முடிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாக வாங்கிய பட்டம் செல்லாது.

ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்பில் நேரடியாகச் சேர்ந்தால் ஓராண்டு மிச்சம். ஆனால் அதை மூன்றாம் ஆண்டில் விட நேர்ந்தால், அதுவரை படித்ததற்குத் தனியாக பி.ஏ. பட்டம் தர விதிகளில் இடமில்லை. கூலியில் ஓடும் வீட்டில் அப்பா ஒரு வருடம் படுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதை நாம் அறிவோம். மூன்று ஆண்டுப் பட்டம் கையில் இருந்தால் குரூப் 2 எழுதலாம், வேலைக்குப் போய்விட்டுப் பிறகு சட்டத்துக்கு வரலாம். ஐந்தாண்டுப் படிப்பு வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. வீட்டு நிலையைக் கணக்குப் போட்டுவிட்டு முடிவெடுங்கள் என்கிறோம். குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். சாதிச் சான்றையும் வருமானச் சான்றையும் சேர்க்கைக்கு முன்பே வாங்கி வையுங்கள்.

இனி பாடம். "எதைப் படித்தாலும் சட்டக் கல்லூரியில் எல்லாம் சொல்லித் தருவார்கள்" என்று சொல்லும் தோழர்கள் உண்டு. சட்டக் கல்லூரி பிரிவுகளைச் சொல்லித் தரும். அந்தப் பிரிவுக்குள் வந்து நிற்கும் நிலத்தையும் குளத்தையும் பிணத்தையும் அது சொல்லித் தராது. நம் வழக்குகளையே பாருங்கள்.

மகாத் சவுதார் குளத்தில் 1927இல் நம் மக்கள் தண்ணீர் எடுத்த பிறகு சாதி இந்துக்கள் நீதிமன்றம் போனார்கள். தீண்டப்படாதவர்களை விலக்கிவைப்பது தொன்றுதொட்ட வழக்கம் என்றார்கள். அப்படியொரு வழக்கத்தை அவர்கள் நிரூபிக்கவில்லை என்று 1937இல் பம்பாய் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்கம் எவ்வளவு பழையது, அதற்கு ஆதாரம் எங்கே? இது வரலாறு படித்தவர் கேட்கும் கேள்வி. பஞ்சமி நிலமும் அப்படித்தான். 1892ஆம் ஆண்டு அரசாணையில் தொடங்கிய அந்த நிலங்களை மீட்க, பழைய நிலப் பதிவேடுகளையும் வில்லங்கச் சான்றுகளையும் வரிவரியாகப் படிக்கத் தெரிய வேண்டும்.

கோகுல்ராஜ் கொலை வழக்கில் திருச்செங்கோடு கோயிலின் சிசிடிவி பதிவு முக்கியச் சான்றாக நின்றது. மின்னணுப் பதிவு எப்படி உருவாகிறது, எங்கே சேமிக்கப்படுகிறது, எப்படி அழிக்கப்படுகிறது என்பது கணினி அறிவியல் படித்தவருக்குக் கைவந்த விஷயம். 2022 டிசம்பரில் வெளிவந்த வேங்கைவயல் குடிநீர்த் தொட்டிக் கொடுமையில் டி.என்.ஏ. பரிசோதனை பெரும் விவாதமானது. அப்படியொரு அறிக்கையை வைத்துக் குறுக்கு விசாரணை செய்ய உயிரியல் தெரிந்த வழக்கறிஞர் நம் பக்கம் வேண்டாமா?

அண்ணல் அம்பேத்கர் 1912இல் முடித்த பி.ஏ. பொருளாதாரமும் அரசியல் அறிவியலும். கொலம்பியாவிலும் பொருளாதாரமே முதன்மைப் பாடம். பாரிஸ்டரானது அதன் பிறகு. துணைத் திட்ட நிதி எங்கே போனது என்று கேட்கவும் பொருளாதாரமும் வணிகவியலும் படித்தவர்கள் தேவை. சமூகவியல் படித்த எங்களுக்கு அதன்மேல் பாசம் உண்டு. பாதிக்கப்பட்டவரிடம் எப்படிக் கேட்பது, கேட்டதைச் சிதைக்காமல் எப்படி எழுதுவது என்பதை அதில்தான் கற்றோம். ஆனாலும் எல்லோரும் சமூகவியல் படியுங்கள் என்று சொல்ல மாட்டோம்.

பி.ஏ. தமிழ் படிக்கும் தம்பி தங்கைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கூச்சப்படாதீர்கள். புகார் தமிழில் எழுதப்படுகிறது; சாட்சி தமிழில் பேசுகிறார்; மேல்முறையீடு உயர் நீதிமன்றத்தில் ஆங்கிலத்தில் நடக்கிறது. நம் அம்மா சொன்ன சொல் பொருள் குறையாமல் அங்கே போய்ச் சேர இரண்டு மொழியும் தெரிந்தவர் வேண்டும். தமிழை விடாமல் ஆங்கிலத்தைத் தினமும் ஒரு மணி நேரம் படியுங்கள்.

எங்கள் கருத்து இதுதான். உங்களுக்கு ஆர்வமும் நல்ல மதிப்பெண்ணும் தரக்கூடிய பாடத்தை எடுங்கள். வகுப்பும் நூலகமும் ஒழுங்காக நடக்கும் கல்லூரியைத் தேடுங்கள். எந்தப் பாடமானாலும் மூன்று ஆண்டுகளுக்குள் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை முழுதாகப் படித்துவிடுங்கள். விடுமுறையில் மாவட்ட நீதிமன்றத்தில் போய் உட்கார்ந்து விசாரணையைக் கவனியுங்கள். திறந்த நீதிமன்றம் நமக்கும் திறந்ததுதான்.

வழக்கறிஞராகப் பதிவு செய்யப் பட்டியல் சாதியினரிடமும் பழங்குடியினரிடமும் 125 ரூபாய்க்கு மேல் பதிவுக் கட்டணம் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதோடு இன்னொரு கணக்கையும் நினைவில் வையுங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி, சிறப்பு நீதிமன்றத்தில் அரசுத் தரப்புக்கு ஒரு வழக்கறிஞரை நியமித்தால் அவர் குறைந்தது 7 ஆண்டுகள் தொழில் செய்திருக்க வேண்டும். பட்டத்துக்கு 3, சட்டத்துக்கு 3, தொழிலில் 7. இன்று பிளஸ் டூ முடித்தவர் நம் மக்களுக்காக அங்கே எழுந்து நிற்கக் குறைந்தது 13 ஆண்டுகள் ஆகும். அதில் முதல் மூன்றை "ஏதாவது ஒரு டிகிரி" என்று வீணாக்க நம்மிடம் நேரம் இல்லை.