சொல்லாமல் விட்டதும் குற்றம்தான்

தோழர்களே, சாத்தூரை மறந்திருக்க மாட்டீங்க.

2018 டிசம்பர். ரத்தசோகைக்காக அரசு மருத்துவமனைக்குப் போன ஒரு கர்ப்பிணித் தாய்க்கு ரத்தம் ஏற்றினார்கள். அந்த ரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்தது.

ரத்தம் வந்தது சிவகாசி அரசு மருத்துவமனை ரத்த வங்கியிலிருந்து. கொடுத்தவர் 19 வயசு இளைஞர். 2016லேயே அவர் ஒரு முகாமில் ரத்தம் கொடுத்திருந்தார். அப்போதே சோதனையில் தொற்று தெரிந்திருக்கிறது. ஆனால் அவரிடம் யாரும் சொல்லவில்லை. 2018 நவம்பரில் உறவினருக்காக மறுபடியும் கொடுத்தார். வெளிநாட்டு வேலைக்குப் பரிசோதனை செய்தபோதுதான் அவருக்கே விஷயம் தெரிந்தது. தெரிந்ததும் தானாகவே ரத்த வங்கியிடம் சொல்லிவிட்டார். அதற்குள் ரத்தம் ஏற்றியாகிவிட்டது.

இரண்டு வருஷமா அரசு நிர்வாகம் சொல்லாததை அந்த இளைஞர் சொன்னார். ஆனால் பாரம் முழுவதும் அவர் தலையில் விழுந்தது. மனமுடைந்து உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவர், அதே டிசம்பரில் மதுரை பெரியாஸ்பத்திரியில் இறந்துபோனார். அடுத்த மாதம் அதே பெரியாஸ்பத்திரியில் அந்தத் தாய்க்குப் பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்குத் தொற்று இல்லை என்பது ஒன்றுதான் ஆறுதல்.

முதல் நடவடிக்கை ஆய்வக ஊழியர்கள் மேல் பாய்ந்தது. தப்பு செய்தவர் பதில் சொல்லணும், சரி. ஆனால் ஒவ்வொரு பை ரத்தத்தையும் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி, மேகநோய், மலேரியா என்று ஐந்துக்கும் சோதிக்கணும் என்பது சட்டம். அந்தச் சோதனை நடக்குதா என்று மேற்பார்க்க வேண்டியது யார்? தொற்று உள்ளவரை ரகசியமாகக் கூப்பிட்டுச் சொல்லி, சிகிச்சைக்கு அனுப்ப வேண்டியது யார்? போதுமான ஆள் போட வேண்டியது யார்? பொறுப்பு கடைசிப் படியில் நிற்பவரோடு முடிந்துவிடாது.

2019 ஜூலையில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. அதற்கும் பொதுநல வழக்கு தேவைப்பட்டது. 1995ல் உச்ச நீதிமன்றம் மருத்துவ சேவையை நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்தபோது, எல்லோருக்கும் இலவசமாகவே சிகிச்சை தரும் மருத்துவமனைகளை வெளியே விட்டது. ஆக, பணம் கட்டியவர் நுகர்வோர் நீதிமன்றம் போகலாம். உசிலம்பட்டியிலிருந்து பஸ் ஏறி இலவச சிகிச்சைக்கு வரும் அம்மாவுக்கு அந்தக் கதவு இல்லை. ஏழையின் உயிருக்கும் அதே கணக்குத்தான் இருக்கணும். அரசு மருத்துவமனையில் நேரும் பாதிப்புக்கு, கோர்ட்டுக்கு அலையாமலே இழப்பீடு கிடைக்க வழி செய்யணும். இதுதான் நம் கோரிக்கை.

நமக்கும் கடமை இருக்கு:

🔹 சிகிச்சை ஆவணங்களைக் கேளுங்க. கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவர் தரணும் என்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதி.

🔹 பாதிக்கப்பட்டவர் பெயரையோ போட்டோவையோ வாட்ஸ்அப்பில் போடாதீங்க. ஒருவரின் எச்.ஐ.வி. நிலையை அவர் சம்மதம் இல்லாமல் வெளியிடுவதை, 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்த சட்டம் தடை செய்கிறது.

🔹 டாக்டரையோ நர்ஸையோ அடிப்பது நியாயம் ஆகாது. எழுத்தில் புகார் கொடுங்க, நகல் வச்சுக்கோங்க.

🔹 ரத்தம் கொடுப்பதை நிறுத்திடாதீங்க. கொடுத்த பிறகு சோதனை முடிவைக் கேட்டு வாங்குங்க.

தெரிந்ததும் உண்மையைச் சொன்ன ஒருவரை இழந்துவிட்டோம். இனி சொல்ல வேண்டியது நிர்வாகம். சொல்ல வைக்க வேண்டியது நாம்.

#நோயாளிஉரிமை #மதுரை