டப டப புல்லட்டும் பேங்க்காரன் கணக்கும்

நேத்து ராத்திரி பன்னெண்டரை மணி. லேபர் கேம்ப் சந்துல ஒரு புல்லட் வெடிச்சுக்கிட்டே போச்சு. பத்துக்குப் பத்து வீடு. காலையில பரீட்சை எழுதணும்னு படிச்சிட்டிருந்த எங்க பொண்ணு காதப் பொத்திக்கிட்டா.

காலையில தம்பியப் பிடிச்சுக் கேட்டேன். "சைலன்சர மாத்துனா பவர் ஏறும்ணே!"ங்கிறான்.

நான் பி.காம். தாங்க, ஆனா கணக்கு தெரியும். 350 புல்லட்டுக்கு மொத்தமே சுமார் 20 குதிரைசக்தி. உள்ளே இருக்கிற தடுப்ப உருவிட்டு, காத்து-பெட்ரோல் கலவையச் சரிபண்ணாம விட்டா இன்ஜின் சூடாகும், கிளம்புறப்போ இழுவையும் குறையும். ஆனா 10 டெசிபல் கூடினாலே ஒலியோட சக்தி பத்து மடங்கு! வரவு பூஜ்யம், செலவு பத்து. எந்த பேங்க் இதுக்கு லோன் குடுக்கும்?

குடியிருப்புல ராத்திரி 45 டெசிபல்தான்னு 2000-லயே விதி வந்தாச்சு. 2019 திருத்தத்துக்கு அப்புறம், சத்தம் போடுற வண்டிக்கு முதல் தடவையே 10,000 ரூபாய் வரை அபராதம், லைசென்சும் மூணு மாசம் போகும்.

ஊர விட்டு நாம இங்க வந்தது பிள்ளைங்க படிக்கத்தானே?

டிஸ்கி: எனக்கும் புல்லட் பிடிக்கும். 1932-ல இங்கிலாந்துல பொறந்த வண்டி. அதோட சொந்தக் குரலே கம்பீரம்தான். கத்த வைக்காதீங்கப்பா!