யார் வீட்டு அண்டா?

சென்னையில் நண்பர் ஒருவர் புது வீடு வாங்கிக் குடிபோயிருக்கிறார். கிருகப்பிரவேசத்தன்று நான் ஊரில் இல்லை. ஆகவே சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டைப் பார்த்துவிட்டு வரலாமென்று புறப்பட்டேன். ஆறாவது மாடி. லிஃப்டை விட்டு வெளியே வந்ததும், இடம் மாறி வந்துவிட்டோமோ என்று ஒரு கணம் சந்தேகம் தட்டியது. காரைக்குடிப் பக்கத்துப் பெரிய வீடுகளில் காணும் தேக்கு நிலைக்கதவு, மேலே கஜலக்ஷ்மியும் இருபுறமும் கிளிகளுமாக, அந்த ஆறாவது மாடியில் நின்றுகொண்டிருந்தது.

உள்ளே இன்னும் பல அதிசயங்கள். குழல் வைத்த கிராமபோன் ஒன்று. அதில் இசைத்தட்டு சுழலாது, கைபேசியிலிருந்து பாட்டு வரும். கறுப்பு டெலிபோன் ஒன்று. அதற்குக் கம்பி கிடையாது. அரிக்கேன் விளக்குக்குள் மின்சார பல்பு. வெண்கல உருளியில் தண்ணீர் விட்டுச் சாமந்திப் பூ மிதக்கவிட்டிருந்தார்கள். சுவரில் ரவிவர்மாவின் லக்ஷ்மி. அவளுக்குப் பக்கத்திலேயே ஏதோ மேல்நாட்டுச் சோடா விளம்பரத் தகடு. புது மரத்தில் செய்த அலமாரி ஒன்றை வேண்டுமென்றே சுரண்டி, மூலைகளைத் தேய்த்து, நூறு வருஷம் உழைத்தது போலச் செய்து வைத்திருந்தார்கள். உழைக்காமலே உழைத்த பெயர் வாங்குவது மனிதர்களுக்குத்தான் முடியுமென்று நினைத்திருந்தேன், மரத்துக்கும் முடிகிறது.

"இப்போதெல்லாம் இதுதான். பழையதும் புதியதும் கலந்து, அவரவர் மனசுக்குப் பிடித்தபடி. ஒருவர் வீட்டைப் போல இன்னொருவர் வீடு இருக்கக்கூடாது" என்றார் நண்பர்.

நல்ல கொள்கைதான். ஆனால் இந்த வருஷத்தில் நான் உருளியில் சாமந்தி பார்த்த நான்காவது வீடு இது. பொருள்களை யார் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேட்டேன். உள் அலங்கார நிபுணர் ஒருவர் மொத்தமாகப் பேசி முடித்துக் கொடுத்தாராம். சொந்த ரசனையையும் குத்தகைக்கு விடலாம் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

இதோடு விட்டிருந்தால் சிரித்துவிட்டு வந்திருப்பேன். வாசலருகே ஒரு பித்தளை அண்டா இருந்தது. அதில் குடைகளைச் சொருகியிருந்தார்கள். செருப்பைக் கழற்றக் குனிந்தபோது அதன் கழுத்தில் பெயர் வெட்டியிருப்பது கண்ணில் பட்டது. சிற்றுளியால் புள்ளி புள்ளியாக அடித்த எழுத்து. ஒரு பெண்ணின் பெயர். கீழே ஒரு கல்யாணத் தேதி, 1953. பெயரை இங்கே நான் எழுதப் போவதில்லை. அந்த அம்மாளோ அவர் மக்களோ எங்கேனும் இருக்கலாம்.

நண்பரின் தாயார் பின்னறையில் இருந்தார். எண்பது வயது. எட்டிப் பார்த்து நமஸ்காரம் சொன்னேன். மளிகைக் கடைக்காரர் கொடுத்த லக்ஷ்மி காலண்டர், ஒரு தையல் மிஷின், கண்ணாடி பதித்த இரும்புப் பீரோ, அவர் கையால் பின்னிய ஒயர் கூடை எல்லாம் அந்த ஒரே அறையில் நெருக்கிக்கொண்டு நின்றன. ஹாலில் வைத்தால் பொருந்தாது என்று நிபுணர் சொல்லிவிட்டாராம்.

"அந்த அண்டாவைப் பாத்தியா, தம்பி? யார் பெத்த பொண்ணோ! கல்யாணத்துக்கு வாங்கின பாத்திரம். வீட்டுக்கு வந்தப்போ கறுத்துப் போய்க் கிடந்துது. மனசு கேக்கலே. புளியைப் போட்டுப் பளபளன்னு தேச்சு வச்சேன். மருமக ரொம்ப வருத்தப்பட்டா. பழசோட அழகே போயிடுத்தாம்" என்றார்.

அந்த வீட்டில் அண்டாவின் பெயரைப் படித்தவர் அந்த அம்மாள் ஒருவர்தான். அதைப் பாத்திரமாக மதித்துத் துலக்கியவரும் அவர்தான். அதற்காக அவர்மேல் வருத்தம்!

பழமை மோகம் என்று இதைச் சொல்லுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தமக்குச் சம்பந்தமில்லாத பழமையின் மீதுதான் இவர்களுக்கு மோகம். தாயாரின் தையல் மிஷின் பழையதில்லையா? அதில் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டுதானே நண்பர் பள்ளிக்கூடம் போனார்? ஹாலில் ரவிவர்மா லக்ஷ்மி இருக்கலாமென்றால், பின்னறை லக்ஷ்மி என்ன பாவம் செய்தாள்? 1894இல் ரவிவர்மா பம்பாயில் அச்சகம் வைத்துத் தெய்வப் படங்களை அச்சிட்டபோது, சாமானியர் வீட்டுச் சுவருக்கும் அவை போய்ச் சேர்ந்தன. மளிகைக் கடைக் காலண்டர் அந்த வம்சத்துப் பேரப்பிள்ளைதான். தாத்தாவுக்குச் சட்டம் போட்டு மாட்டிவிட்டுப் பேரனைப் பின்கட்டுக்கு அனுப்புவது என்ன ரசனை?

காரணம் எளிது. நம் வீட்டுப் பழமை நம்மிடம் கணக்குக் கேட்கும். கடன் வாங்கி வாங்கிய பீரோ, ராத்திரி பகலாக ஓடிய மிஷின் இவற்றின் எதிரே நிற்கும்போது, நாம் எங்கிருந்து வந்தோம் என்பது நினைவுக்கு வந்துவிடும். அந்நியர் வீட்டு அண்டா ஒன்றும் கேட்காது. குடையைச் சொருகினால் வாங்கிக்கொள்ளும்.

பாத்திரத்தில் பெயர் வெட்டுவதை ஏதோ பட்டிக்காட்டு வழக்கம் என்று சிரிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அந்தத் தேதியைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். 1956இல் ஹிந்து வாரிசுரிமைச் சட்டம் வந்த பிறகுதான், கணவனிடமிருந்து வாரிசாக வந்த சொத்துக்கும் ஒரு ஹிந்துப் பெண் முழு உரிமைக்காரியானாள். பூர்விகச் சொத்தில் மகனுக்குச் சமமாக மகளுக்கும் பங்கு என்று தமிழ்நாடு சட்டம் செய்தது 1989இல். நாடு முழுவதற்கும் அது வந்தது 2005இல். 1953இல் கல்யாணமான பெண்ணுக்குப் பெரும்பாலும் வீட்டுப் பத்திரத்தில் பெயரில்லை, நிலத்துப் பட்டாவில் பெயரில்லை. சீராக வந்த நகையும் பாத்திரமுமே ஸ்திரீதனம். நகையில் பெரும்பாலும் பெயர் வெட்டுவதில்லை. அவசரம் வந்தால் அடகுக் கடைக்கும் போய்விடும். பெயரோடு நின்றது பாத்திரம். பல பெண்களுக்கு உலகத்தில் தங்கள் பெயர் எழுதிய சொத்து அதுவாகவே இருந்திருக்கும். அந்தப் பத்திரத்தில்தான் நாம் ஈரக் குடையைச் சொருகுகிறோம்.

நண்பரைக் குற்றம் சொல்ல நான் யார் என்று கேட்டால், கேள்வி நியாயமானது. எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, 1980களின் கடைசியில், எங்கள் வீட்டுப் பித்தளைகளைப் போட்டுவிட்டு எவர்சில்வர் வாங்கினோம். அம்மாவின்மேல் பிழையில்லை. வருஷா வருஷம் ஈயம் பூச வேண்டும். புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து அவள் கை வெடித்திருந்தது. பாட்டியின் தவலையைச் சைக்கிள் காரியரில் வைத்து, கீழே விழாமல் பிடித்துக்கொண்டு போனவன் நான். கடைக்காரர் தராசில் வைத்து எடை பார்த்தார். பிறகு இடம் அடைக்காமல் இருக்கச் சம்மட்டியால் இரண்டு போடு போட்டு நசுக்கினார். புதுப் பாத்திரங்களோடு வீடு திரும்பினேன். பாட்டி சண்டை ஒன்றும் போடவில்லை. "பேர் வெட்டியிருந்துதே, அதை என்னடா பண்ணினான்?" என்று மட்டும் கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. நண்பர் வீட்டு வாசலில் குனிந்தபோது ஒரு கணம் நான் தேடியது எந்தப் பெயரை என்று வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"நாங்கள் வாங்காவிட்டால் இதெல்லாம் உலைக்குத்தானே போகும்?" என்று நண்பர் கேட்டார். அந்தக் கட்சியில் உண்மை இருக்கிறது. செட்டிநாட்டு வீடுகளையே எடுத்துக்கொள்ளுங்கள். பர்மாத் தேக்கும் இத்தாலியச் சலவைக்கல்லும் பெல்ஜியம் கண்ணாடியுமாகக் கட்டிய மாளிகைகள். 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்தார்கள். பிறகு அங்கே நிலங்களும் வியாபாரமும் தேசவுடைமையாயின. வருமானம் வந்த கடல்வழி அடைபட்டது. ஒரு வீட்டுக்குப் பல பங்காளிகள். ஓடு மாற்றுவதற்குக்கூட எல்லோரும் ஒப்ப வேண்டும். சில வீடுகள் இடிந்தன, சில இடிக்கப்பட்டன. தூணும் கதவும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்கு வந்தன. அவற்றை வாங்கக் கூடாதென்று நான் சொல்லவில்லை. முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தட்சிணசித்ராவில் செட்டிநாட்டு வீடு ஒன்றைப் பார்க்கலாம். எப்படிப்பட்டவர்கள் எப்படி வாழ்ந்த வீடு என்பதையும் அங்கே எடுத்துச் சொல்லுகிறார்கள். மரத்தோடு கதையும் பிழைத்தது.

வாங்கினால் உபயோகியுங்கள் என்பதுதான் என் கட்சி. உருளி பாயசம் காய்ச்சுவதற்கு ஏற்பட்டது, காய்ச்சுங்கள். ஊஞ்சல் பலகை வாங்கினால் கொக்கி போட்டு ஆடுங்கள். கண்ணாடி பதித்து மேஜையாக்காதீர்கள். அழகுதான் வேண்டுமென்றால், உயிரோடிருக்கும் கைத்தொழிலுக்குப் பணத்தைக் கொடுங்கள். ஆத்தங்குடியில் இன்றைக்கும் கண்ணாடிப் பலகையின் மேல் வர்ணச் சிமெண்டை ஊற்றி, மணலும் சிமெண்டும் சேர்த்துக் கையாலேயே தளக்கல் செய்கிறார்கள். அதைச் சூளையில் சுடுவதில்லை. தண்ணீரில் ஊறவைத்து இறுகச் செய்கிறார்கள். மனிதர் நடக்க நடக்க அதற்கு மெருகு ஏறும். அந்த மெருகைப் போலியாகச் செய்து கொடுக்க எந்த நிபுணராலும் முடியாது. அந்த வீட்டில் நீங்கள் இருபது வருஷம் நடந்தாக வேண்டும்.

புறப்படும்போது நண்பரை வாசலில் நிறுத்தி, அண்டாவில் உள்ள பெயரை ஒருமுறை வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். படித்தார். தேதியையும் படித்தார். மறுபடியும் குனிந்து பார்த்தார். ஒன்றும் பேசவில்லை.

நண்பர்களே, உங்கள் வீட்டிலும் இப்படி ஓர் அண்டா இருக்கலாம். ஒருமுறை குனிந்து அதன் கழுத்தைப் பாருங்கள். பெயர் இருந்தால் உரக்கப் படியுங்கள். பின்னறையில் யாராவது இருந்தால் அவர்களையும் கூப்பிட்டுக் காட்டுங்கள். அதன் பிறகும் குடையைச் சொருக மனம் வந்தால், தாராளமாகச் சொருகிக்கொள்ளுங்கள். நான் குறுக்கே நிற்கவில்லை.